நடு வழியில் நிற்காத கார்

சூலூர்ச் சந்தைக்குப் பின்னால் மாசிலாமணி, தவசியப்பன், ரங்கன் என்ற மூவர் ஒரு ஒர்க்‌ஷாப் நடத்தினார்கள். நாணயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஊர் அவர்களைக் கண்டு பயந்ததும் அதனால்தான்.

மில்காரர் சதாசிவத்திடம் இரண்டே பேர் உட்காரும் பழைய பந்தயக் கார் ஒன்று இருந்தது. கல்யாணத்தன்று மனைவி கோமளவல்லியை அதில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டவர், வயர் புகைந்து பாதி வழியில் நின்றார். அன்று சிரிக்க ஆரம்பித்த அம்மாள் இன்னும் நிறுத்தவில்லை. இப்போது அறுபதாம் கல்யாணம் வந்துவிட்டது. இந்தத் தடவையாவது அதே காரில் மானத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று மனிதர் தவித்தார். அந்தக் காரைத் தொட வேறு யாரும் முன்வராததால் இவர்களிடம் வந்தார், பாவம்.

"மாசிலாமணி, வயரெல்லாம் இத்துப் போச்சு. அத்தனையும் புதுசா மாத்தோணும். பழசு எப்படி இருக்குதோ அச்சு அசலா அப்படியே இருக்கோணும்."

"துளி மாறாதுங்க."

பழைய வயர்களை உருவி, புது வயர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிக்கல் தெரிந்தது.

"அண்ணா, பழசுல எலி கடிச்சிருக்குது. புதுசுல இல்லையே?" என்றான் தவசியப்பன்.

"கருகின எடத்தைத் தீக்குச்சி வெச்சுக் கருக்கிரலாம். எலிக்கு எங்கடா போறது?"

"நான் கடிக்கட்டுங்களா?" என்றான் ரங்கன்.

"உன்ற பல்லு பெருசு. அளவு தப்பிரும்."

அரிசிக் கடையிலிருந்து ஒரு எலியை இரவல் வாங்கி வந்தார்கள். வயரில் தேங்காய் தடவி வைத்தார்கள். எலி தேங்காயை நக்கிவிட்டு, வயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. கடைசியில் ரங்கன்தான் முன்பல்லால் பக்குவமாகக் கடித்துக் கொடுத்தான்.

பார்க்க வந்த சதாசிவம் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் பிடுங்கி நல்ல வயர் போட வைத்தார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"நாளைக்கு நடு வழியில மட்டும் நின்னுச்சோ, அவ மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

மூவருக்கும் கவலை பிடித்துக்கொண்டது. தவசியப்பன் காரை ஓட்ட, ரங்கன் பின்னாலேயே ஓடிப் பார்த்தான்.

"அண்ணா, கண்டுபிடிச்சுட்டன்! பின்னாடி ஒரு செவப்பு லைட் இருக்குது. அது எரிஞ்சா கார் நின்னுருது. ஒவ்வொரு தடவையும்!"

மாசிலாமணி தானே பின்னால் நின்று பார்த்தார். தவசியப்பன் பிரேக்கை மிதித்தான். லைட் எரிந்தது, கார் நின்றது.

"இதுதாண்டா ஐயாவுக்கு எமன்," என்று அதன் வயரைக் கத்தரித்துவிட்டார்.

மறுநாள் சதாசிவம் மாலையும் கழுத்துமாகக் கோமளவல்லியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காரை ஓட்டிப் போனார். மூவரும் சரக்கு ஆட்டோவில் பின்தொடர்ந்தார்கள். பாதி வழியில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. சதாசிவம் பிரேக் போட்டார். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆகவே ஆட்டோவும் வேகத்தைக் குறைக்கவில்லை. டொங்!

சதாசிவம் குதித்திறங்கினார். "கார் நிக்கறது கண்ணு தெரியலையாடா?"

மூவரும் குனிந்து விளக்கைப் பார்த்தார்கள்.

"நிக்கலீங்க," என்றார் மாசிலாமணி. "ஓடிட்டுத்தான் இருக்குது."

"நான் கீழ நிக்கறனேடா!"

"ஓடற வண்டியில இருந்து குதிச்சுட்டீங்களே ஐயா! அம்மா உள்ள தனியாப் போயிட்டிருக்காங்க!"

காருக்குள் கோமளவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க, நான் முன்னால போறன். நீங்க மெதுவா வாங்க."

அவ்வளவுதான், மூவரும் பதறிவிட்டார்கள். சதாசிவத்தை அலாக்காகத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, ஆடுகள் கடந்துவிட்ட சாலையில் காரைப் பிடிக்கப் பறந்தார்கள். அடுத்த நொடியே காரைத் தாண்டி, கொஞ்ச தூரத்தில் போய் நின்றார்கள்.

"முந்திட்டம்!" என்று கூவினான் தவசியப்பன்.

சதாசிவத்தை இறக்கிச் சாலையோரம் நிறுத்தி, கலைந்த மாலையைச் சரிசெய்து, கார் வருவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கையை நல்லா நீட்டிக் காட்டுங்க ஐயா," என்றான் ரங்கன். "நிக்காமப் போற வண்டியாக்கும் அது."