ஒரிஜினல் கலர்

கோயம்புத்தூர் மில் முதலாளி தெய்வசிகாமணிக்கு அவருடைய பழைய அமெரிக்க மஸ்டாங் கார் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஒரு போல்ட்டு மாறினாலும் கத்துவார். பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டித் திரும்ப அடித்ததில் டிங்கர் மஸ்தானுக்குக் கையே தூக்க முடியவில்லை.

"ஏசி அப்புறமா மாட்டினது. அதையும் கழட்டுய்யா!"

"வெயிலுக்கு வேணுமுங்க."

"ஒரிஜினல்னா ஒரிஜினல்!"

முதலாளியின் கருகருவென்ற தலைமுடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மஸ்தான் பெருமூச்சோடு கழற்றினார்.

பழைய கார் கண்காட்சியன்று உச்சி வெயிலில் முதலாளியே காரை ஓட்டி வந்து இறங்கினார். காதோரம் வியர்வை கருப்பாக வழிந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது.

நடுவர் காரைத் தடவிப் பார்த்தார். "கலர் ஒரிஜினல்தானா?"

"வண்டிக்கு ஒரிஜினல்தானுங்க," என்றார் மஸ்தான் அலுப்போடு. "தலைக்கு அடிச்சது நான் இல்லீங்க."