இரண்டாவது அடிக்கு முன்னால்

சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு எழுபது நெருங்குகிறது. குரு ரெஜினா சினிமாவில் பின்னணி பாடுகிறவர். திரையில் யாரோ வாயசைப்பார்கள், குரல் இவருடையது. சீடர் தணிகாசலம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வயசில் பாட்டுக் கிளாஸ் கேட்கிறதாக்கும் என்று அக்கம்பக்கம் கேலி பேசியது. பாவம், அவர் கற்க வந்தது ஒரே ஒரு பாட்டைத்தான்.

அவர் மனைவி சகுந்தலா தையல் மிஷினில் உட்கார்ந்தால் பாடுகிற பழைய சினிமாப் பாட்டு அது. அந்த அம்மாள் போய் வருஷம் திரும்பப்போகிறது. முதல் திதி முடிந்து சொந்தங்கள் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பாடிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

சிக்கல் சரணத்தில். முதல் அடி முடிந்ததும் சற்றே நின்றுவிடுவார். ஆர்மோனியம் முந்திப் போய்விடும். ரெஜினா திருத்துவார், அடுத்த வகுப்பிலும் அங்கேதான் நிற்பார்.

"அங்க இடைவெளி கிடையாது சார்."

"இருக்கு டீச்சர். என் காதால கேட்டிருக்கேன்."

நிரூபித்தே தீருவது என்று போனில் தேட ஆரம்பித்தார். யூடியூபில் அந்தப் பாட்டு விதவிதமான வேஷத்தில் கிடந்தது. படத்தில் வந்தது, இசைத்தட்டில் வந்தது, மேடையில் யாரோ கழுத்து நரம்பு புடைக்கப் பாடியது. எவரோ ஒரு புண்ணியவான் ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்டைக்கூட ஏற்றியிருந்தார். ஒன்றிலும் அந்த இடைவெளி இல்லை. தணிகாசலம் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறு வகுப்பில் அவர் பாடவில்லை.

"எங்கயும் இல்ல டீச்சர். அப்ப அவ பாடினது எனக்கு மறந்துபோச்சா?"

சகுந்தலாவின் குரல் எதிலாவது பதிவாகியிருக்கிறதா என்று ரெஜினா கேட்டார். ஒரு கல்யாண வீடியோவில்கூட இல்லை என்றார் அவர்.

"அப்ப நீங்க பாடிக் காட்டுங்க. பாடுறப்ப அவங்க என்ன செய்வாங்களோ, அதையும் செய்ங்க."

தணிகாசலம் கூச்சத்தோடு நாற்காலியில் நிமிர்ந்தார். பாட ஆரம்பித்தார். தையல் மிஷினை மிதிப்பதுபோல் கால் அசைந்தது, விரல்கள் துணியைத் தள்ளின. சரணத்தின் முதல் அடி முடிந்தது. கால் நின்றது. இல்லாத துணியை வாயருகே தூக்கி, இல்லாத நூலைப் பல்லால் கடித்தார்.

இரண்டாவது அடி வரவில்லை. அழுகைதான் வந்தது.

"நூலைக் கடிப்பா டீச்சர். கத்தரிக்கோலை எங்கயாவது வெச்சிருவா. ஒரு ரவிக்கைக் கை முடியறப்ப பாட்டு கரெக்டா அங்க வந்து நிக்கும். பல்லு போயிடும்னு திட்டுவேன்."

ரெஜினா ஆர்மோனியத்தை இழுத்துக்கொண்டார். முதலிலிருந்து பாடச் சொன்னார். இந்தத் தடவை அந்த இடத்தில் ஆர்மோனியமும் நின்று காத்திருந்தது.

முடிந்ததும் தணிகாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாளம் தப்புதே டீச்சர். வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"என் குரலுக்குத் திரையில வாயசைக்கிறவங்களைப் பார்த்து யாரும் சிரிச்சதில்ல சார்," என்றார் ரெஜினா. "சகுந்தலா அம்மா பாடட்டும். நீங்க வாயசைங்க."