கவிழ்ந்த இரண்டு கூடைகள்

இதை நான் சரியாகச் சொல்வேனா தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே ஆகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில் எங்கள் மடம். அதற்குள்ளேயே பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. நான் அங்கே துணி துவைத்துத் தைக்கிறவள். மடத்தை நடத்தும் அம்மாவுக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்த ஞானவேல் சாருக்கு அறுபது. முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர்.

புதுப் பிள்ளைகள் அறுபது பேர் வந்த அன்று, அப்பா என்ன வேலை, வீட்டில் புத்தகம் உண்டா என்று சார் ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு தாளில் குறித்தார். பிறகு, எண் போட்ட அவர்களுடைய சீருடைச் சட்டைகளை இரண்டு கூடையாகப் பிரித்தார்.

"தெய்வானை, இந்தக் கூடை தேறும். காலர்ல மஞ்சள் நூல் தை. அது தேறாது. நீல நூல்."

தாளிலும் பெயருக்கு நேரே நிறத்தை எழுதினார். அதை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

கூடைகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது படியில் தடுக்கி விழுந்தேன். சட்டையெல்லாம் ஒன்றாகிவிட்டது. போய்க் கேட்டால் வேலை போய்விடுமே! கைக்கு வந்தபடி பாதிப் பாதியாக அள்ளிப் போட்டுத் தைத்துவிட்டேன்.

மஞ்சள் முன்வரிசையில் உட்கார்ந்தது. தப்பாகச் சொன்னால், "யோசி கண்ணு, உனக்குத் தெரியும்" என்று சார் காத்திருப்பார். நீலம் தப்பாகச் சொன்னால், "உட்கார்." செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவதும் எப்போதும் நீலம்தான். துணி காயப்போடும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. சார் மதிப்பெண் பட்டியலோடு ஓடியே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா! பார்த்தீங்களா! முதல் இருபது பேரும் மஞ்சள்! ஒரே நாள்ல பார்த்துச் சொன்னேன்ல? முப்பது வருஷக் கண்ணும்மா இது!"

"முதல் மார்க் யாரு?"

"பூமயில்! என்ன வேகம், என்ன வேகம்! பெரிய இடத்துப் பிள்ளைன்னு பார்த்தாலே தெரியுது!"

அம்மா பழைய தாளை எடுத்துக் கொடுத்தார். "வாசிங்க."

சார் விரலை வைத்துத் தேடினார். "பூமயில்... அப்பாவுக்குச் செங்கல் சூளைல வேலை... நீலம்." விரல் கீழே இறங்கியது. "ரித்விக்... டாக்டர் மகன், மஞ்சள்... இவன் பின்வரிசைல இருக்கான், ஃபெயிலாச்சே!"

துவைத்த துணியோடு வாசலில் நின்ற நான் உள்ளே வந்தேன். "கூடை கவிழ்ந்துடுச்சு சார். நான்தான்..."

"அடிப்பாவி! ஆறு மாசமா என்னை முட்டாளாக்கிட்டியே!" அம்மாவிடம் திரும்பினார். "இப்பவே நூலைப் பிரிச்சுச் சரியாத் தைக்கச் சொல்லட்டுமாம்மா?"

அம்மா சிரிக்கவில்லை.

"தைக்கச் சொல்லுங்க சார். அடுத்த தேர்வுக்குள்ள மார்க்கும் சரியாயிடும்."

சார் தாளை மடித்தார், மறுபடி பிரித்தார்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. அன்று மாலையே அறுபது காலரிலும் நூலைப் பிரித்து, இரண்டு நூல்கண்டையும் அடுப்பில் போட்டேன். இனி எந்தக் கூடை கவிழ்ந்தாலும் என் மேல் தப்பு வராது.