அரியணையை மூடிய ஆணை

முன்பொரு காலத்தில், மழை தவறாமல் பெய்த ஒரு நாட்டில் ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் பக்கத்து நாட்டு அரசர் எதைச் செய்தாலும், அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்யாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. அந்த நாட்டில் தூண் நிறுத்தி ஒரு பெரிய பாடசாலை கட்டியிருப்பதாக ஒற்றன் வந்து சொன்னான்.

"நம்முடையது அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்" என்றார் அரசர். "அவர் தம் மாடத்தில் வந்து நின்றால் கண்ணில் பட வேண்டும்."

அப்படியானால் எல்லைக் குன்றின் உச்சிதான் இடம். அங்கேயே கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் குன்றைச் சுற்றி ஊரே இல்லை என்பது தெரிந்தது. பிள்ளைகளுக்கு எங்கே போவது?

அமைச்சர் பேரருளாளர் அதற்கும் வழி வைத்திருந்தார். நாட்டில் ஊர்தோறும் அரசுப் பள்ளிகள் இருந்தன. சிறியவற்றை மூடிவிட்டால் அங்குள்ள பிள்ளைகள் குன்றுக்குத்தானே வரவேண்டும்? ஆனால் 'பள்ளிகளை மூடிய அமைச்சர்' என்று ஊர் தூற்றுமே என்ற அச்சம் அவருக்கு. அதனால் பள்ளி என்ற சொல்லே வராமல் ஆணையை எழுதினார்: "அரசுச் செலவில் நடப்பதும், பதினைந்து பேருக்குக் குறைவானோர் அமர்வதுமான எந்த இடமும் இனி மூடப்படும். அங்கே அமர்ந்தோர் எல்லைக் குன்றுக்குச் சென்று அமர்வார்களாக."

முத்திரை வைக்கும் நாளன்று உமையாள் என்றொரு ஆசிரியை சபைக்கு வந்தாள். ஆற்றங்கரையில் உள்ள நெருஞ்சிக்காடு என்ற சிற்றூரின் பள்ளி அவளுடையது. நடந்தே வந்ததால் கால் நிறையப் புழுதி.

"மகாராசா, எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்துப் பன்னெண்டு பிள்ளைங்கதான். ஆனா அந்த ஊர்ல இருக்கறதே அம்புட்டுப் பிள்ளைங்கதான். குன்றுக்குப் போகணும்னா ஆத்தைத் தாண்டணும், காட்டைத் தாண்டணும். பெத்தவங்க அனுப்ப மாட்டாங்க. ஆடு மேய்க்க அனுப்பிடுவாங்க. பள்ளிக்கூடத்தை மூடாதீங்க."

அரசர் தயங்கினார். முத்திரை பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

அரசரின் பக்கத்தில் விகடகவி கூத்தபிரான் உட்கார்ந்திருந்தான். சபை அமைதியானால் அவனுக்குப் பொறுக்காது. அதைக் கலைப்பதுதான் அவன் பிழைப்பு.

"அரசே, நம் மடைப்பள்ளியில் இதைவிட அதிகமாகப் பூனைகள் இருக்கின்றனவே! அவற்றுக்கும் ஓர் ஆசிரியை வைத்தால் பால் பானையை மூடவாவது கற்றுக்கொள்ளும்" என்றான்.

சபை குலுங்கியது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக முத்திரையும் விழுந்துவிட்டது.

உமையாள் அழவில்லை. கூத்தபிரானைப் பார்த்து, "நல்லாச் சொன்னீங்க, ஐயா. பிள்ளைங்க எங்கிட்ட என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. இதையே சொல்லிடறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று அரசர் அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். வீட்டுக்குப் போனதும் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டான். முதுகில் ஏதோ ஊறுவதுபோலவே இருந்தது. அவன் எத்தனையோ பேரைக் கேலி செய்தவன்தான். ஆனால் அவர்கள் எல்லாம் குதிரை ஏறியவர்கள், குடை பிடித்தவர்கள். புழுதிக் காலோடு நின்றவளைக் கேலி செய்தது இதுதான் முதல் தடவை.

மழைக்காலம் முடியும் நேரத்தில், மனம் கேளாமல் நெருஞ்சிக்காட்டுக்குப் போனான். பள்ளியின் ஓடுகளைக் குன்றுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மொட்டைச் சுவர்களுக்கு நடுவே உமையாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எதிரே நாலைந்து பிள்ளைகள் மட்டும்.

"வாத்தியாரம்மா, யாரும்மா இது?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"அரண்மனையில இருந்து வந்திருக்காரு. பூனைக் கதை சொன்னவரு."

பிள்ளைகள் எல்லோரும் ஆவலோடு அவன் முகத்தைப் பார்த்தார்கள். "நாங்கதான் அந்தப் பூனைங்க" என்றாள் அந்தச் சிறுமி, ஏதோ பட்டம் கிடைத்துவிட்ட மாதிரி.

கூத்தபிரான் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னை நாலு வார்த்தை திட்டிவிடுங்கள், அம்மா" என்றான்.

"திட்டி என்ன ஆகப்போவுது? இந்த ஆணையை எதுத்து முறையிட ஊர் ஊராப் போய் ஆளைத் திரட்டிட்டிருக்கேன். எனக்கு அதுக்கே பொழுது பத்தல." சுவரில் அடித்திருந்த ஆணையை அவள் காட்டினாள். "இதைப் படிச்சுப் பாத்தீங்களா? பள்ளிக்கூடம்ங்கிற சொல்லே இதுல இல்ல. செய்யறது என்னன்னு எழுதினவருக்கே தெரிஞ்சிருக்கு. வெக்கப்பட்டு மறைச்சிருக்காரு."

கூத்தபிரான் ஆணையை ஒருமுறை படித்தான். பிறகு எழுத்தெழுத்தாக மறுபடி படித்தான். அங்கிருந்தே அரண்மனைக்குக் கிளம்பினான்.

மறுநாள் அரசர் சபைக்கு வந்தபோது அரியணையைக் கயிற்றால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்திருந்தது. பக்கத்தில் கூத்தபிரான் கைகட்டி நின்றான்.

"என்ன இது?"

"அரசுச் செலவில் நடக்கும் இடம், அரசே. அமர்வதோ ஒரே ஒருவர். ஆணைப்படி மூடிவிட்டேன். தாங்கள் எல்லைக் குன்றுக்குச் சென்று அமர வேண்டும்."

பேரருளாளர் துள்ளி எழுந்தார். இந்த விகடகவியை ஒழிக்க நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர். "இது ராஜத்துரோகம்! இவனைச் சிறையில் இடுங்கள். அந்த ஆணை பள்ளிகளுக்கானது!"

"அப்படியா? பள்ளி என்ற சொல் எங்கே இருக்கிறதென்று காட்டுங்கள், அமைச்சரே."

பேரருளாளர் ஆணை ஓலையை வாங்கினார். அவர் விரல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஊர்ந்தது, திரும்பவும் மேலே போனது.

அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வசமாக அகப்பட்டீர், பேரருளாளரே! சரி, என் முத்திரை என்னையும் கட்டும்தான். பல்லக்கு வரட்டும்."

"ஆணையில் பல்லக்கு இல்லை, அரசே. மற்றவர்கள் நடந்துதான் போகிறார்கள்."

அரசருக்கு அதுவும் வேடிக்கையாகவே இருந்தது. சிரித்துக்கொண்டே நடந்தார். ஆற்றில் பரிசல் சுழன்றபோது மட்டும் கூத்தபிரானின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். காட்டில் முள் தைத்தது. குன்றேறி முடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்தியும் நெடுநேரமாகியிருந்தது.

மண்டபம் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை.

"பிள்ளைகள் எங்கே?" என்று காவல்காரனைக் கேட்டார்.

"ரெண்டு பேரு வந்தாங்க, சாமி. வந்த கையோட திரும்பிட்டாங்க. இருட்டறதுக்குள்ள ஆத்தைத் தாண்டணுமே."

அரசர் தூணில் சாய்ந்து எல்லைக்கு அப்பால் பார்த்தார். பக்கத்து நாட்டு மாடம் தெரிந்தது. அதில் யாரும் நிற்கவில்லை.

"அன்று அந்தப் பெண்மணி பேசும்போது என் கை நின்றது" என்றார் மெதுவாக. "பிறகு சிரித்தேன். எதற்காகச் சிரித்தேன், கூத்தபிரா?"

"நான் சிரிக்க வைத்தேன், அரசே. அதற்காகத்தான் வெட்கப்படுகிறேன்."

"எனக்கு மட்டும் வெட்கம் இல்லையா?" என்றார் அரசர். கூடவே நடந்து வந்திருந்த பேரருளாளர் ஓரமாக நின்றிருந்தார். ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆணை கிழிந்தது. ஓடுகள் ஊர்களுக்குத் திரும்பின. தம் அரியணையையே ஒருவன் இழுத்து மூடியதைச் சபையில் சொல்லிச் சொல்லி அரசர் சிரித்தார். சிரித்தபடியே ஒரு முத்துமாலையை விகடகவியின் கழுத்தில் போட்டார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். பதிலுக்கு ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை.

நேராக நெருஞ்சிக்காட்டுக்குப் போனான். கூரை ஏறியிருந்தது. உள்ளே சில இடங்கள் காலியாகவே கிடந்தன.

"எல்லாரும் திரும்பலையா, அம்மா?"

"உப்பளத்து வேலைக்குக் கொஞ்சம் பேரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அழைச்சிட்டு வர நாளைக்குக் காலைல கிளம்பறேன்."

"நானும் வரட்டுமா?"

உமையாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க. பெத்தவங்க கோவமாத்தான் பேசுவாங்க. அவங்களைச் சிரிக்க வைக்கப் பாக்காதீங்க. சும்மா நின்னு கேட்டுக்கங்க."

அப்படியே நின்று கேட்டான் என்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டு பேர் வரவே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு.