கடைசிக் குழாயடியில் வெள்ளிக் கிண்ணம்

முன்னொரு காலத்திலே வேங்கைமாநகரை அதிரூபசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி! ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். பெரிய ஏரியிலிருந்து சுடுமண் குழாய் பதித்து, அரண்மனை வழியாகத் தெருத்தெருவாய்த் தண்ணீர் விட்டிருந்தான்.

தினமும் காலையில் நீர்க்கண்காணி மார்த்தாண்டர், சங்கு முழங்க, அரண்மனைக் குழாயில் வெள்ளிக் கிண்ணம் பிடித்து ஒரு வாய் குடித்து, "அமிர்தம்!" என்பார். அத்தோடு ஊர்த் தண்ணீர் முழுக்க நல்ல தண்ணீர் என்று முரசறைந்துவிடுவார்கள்.

அப்படியிருக்க, ஊர்க்கோடிச் சாயக்காரத் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. செம்பாயி என்ற சாயக்காரி, துவண்டு கிடந்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சபைக்கு ஓடிவந்தாள்.

"மகாராசா, குழாத்தண்ணியிலதான் கோளாறு."

"ராஜா விட்ட தண்ணீரையே பழிக்கிறாளா! அந்தத் தெருவையே ஊரைவிட்டு விரட்டுங்கள்" என்று குதித்தார் மார்த்தாண்டர்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. அதே ஏரி, அதே குழாய். தான் குடித்தால் கல்லாட்டம் இருக்கிறான், அவர்கள் குடித்தால் படுக்கிறார்களா? பொய்யென்றால் பிள்ளைகள் ஏன் சுருண்டு கிடக்கின்றன? ஒன்றும் பிடிபடவில்லை. குழப்பத்தில் கோபம் வந்தது.

"நாளை உச்சிக்குள் மெய்ப்பி. இல்லாவிட்டால் தெருவே காலி!"

செம்பாயி அன்றே குழாய் போகும் வழியெல்லாம் நடந்து பார்த்தாள். மறுநாள் ஒரு தவலை நிறையச் சிவப்புச் சாயத்தோடு வந்து ராஜாவை அழைத்துப்போனாள். எங்கே? அரண்மனையைத் தாண்டிக் குழாய் போகும் வழியில் இருந்த மார்த்தாண்டரின் குதிரை லாயத்துக்கு! அத்தனையையும் லாயத்துச் சாக்கடையில் கொட்டினாள்.

"குதிரைக்கு எதற்கம்மா சாயம்?" என்று விழித்தான் ராஜா.

"எங்க தெருக் குழாயடிக்கு வாங்க, மகாராசா."

அங்கே, கூடவே வந்திருந்த மார்த்தாண்டர் மிடுக்காகக் கிண்ணத்தைப் பிடித்தார். தண்ணீர் பளிங்காக விழுந்தது. மடக்கென்று குடித்து, "அமிர்தம்!" என்றார். இவள் பைத்தியமா, நான் பைத்தியமா என்று ராஜா நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

அடுத்த கிண்ணம் லேசாகச் சிவந்தது. அதற்கடுத்தது ரத்தச் சிவப்பு!

"உடைஞ்ச குழாய் உங்க லாயத்துக்கு அடியிலதான் இருக்கு, ஐயா" என்றாள் செம்பாயி.

"குடியும் ஓய், அமிர்தம்தானே!" என்று ராஜா உறுமினான். மார்த்தாண்டர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஓடினார்.

ராஜாவின் குழப்பம் மட்டும் தீரவில்லை. "முதல் கிண்ணம் தெளிவாகத்தானே இருந்தது?"

"கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா எம்மவளுக்குக் குடுத்திருப்பேனா, மகாராசா?"

ராஜா தலைகுனிந்தான். அன்றே லாயம் இடம் மாறியது. குழாயைச் செப்பனிடும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க உத்தரவாயிற்று. மகள் எழுந்து உட்கார்ந்த அன்று, செம்பாயி நீர்க்கண்காணி ஆனாள். அன்றுமுதல் வெள்ளிக் கிண்ணத்துக்கு இடம் கடைசிக் குழாயடி. சங்கு ஊதுகிற வேலை மார்த்தாண்டருக்கு. முதல் வாய் குடிக்கிற வேலை ராஜாவுக்கு!