வருணன் காவல் காத்த ஓடம்

முன்னொரு காலத்தில், பொய் சொன்னவனுக்குக் கசையடியும், அதையே அழகாகச் சொன்னவனுக்குப் பொன்னாடையும் கொடுத்துவந்த ஒரு தேசம் இருந்தது. அதன் அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை. அக்கரைக் கோயில் திருவிழாவுக்கு மகாராணியைப் புது ஓடத்தில் அனுப்ப வேண்டும்.

செய்தி கேட்டுப் பவளக்கூத்தன் என்ற வணிகன் சபைக்கு வந்தான்.

"மகாராஜா! என் ஓடம் வருண பகவான் தங்கியிருந்த மரத்தில் செய்தது. அடியில் ஓட்டையே விழுந்தாலும் தண்ணீர் உள்ளே வர அஞ்சும்" என்றவன், விலையாக ஒரு கிராமத்தையே கேட்டான்.

அரசர் முகம் மலர்ந்தது. அவர் முகம் மலர்ந்தால் அந்தச் சபையில் எல்லா வாயும் மலரும்.

"புயலில் அந்த ஓடம் மட்டும் நனையாமல் வந்ததை என் கண்ணாலேயே கண்டேன்" என்றார் அமைச்சர் விழுப்பரையர்.

சேனாபதி விடுவாரா? "முதலைகள் கரையேறி அதை வணங்கின, அரசே!"

அரசவை விகடகவி குழைக்காதன் மட்டும் கொட்டாவி விட்டான். அவன்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த விழுப்பரையருக்கு அது போதும்.

"அரசே, இவன் எங்களைப் பொய்யர் என்கிறான்!"

"அப்படியானால் நாளைக்குள் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் அரசர்.

"பொய் என்று யார் சொன்னது, அரசே? ஒவ்வொரு சொல்லையும் நம்புகிறேன்" என்றான் குழைக்காதன். "மகாராணியார் ஏறுமுன், மகிமையைக் கண்ணால் கண்ட பெரியவர்களே ஏறித் தொடங்கிவைக்கட்டும். அடியேனும் வருகிறேன்."

மறுநாள் அரசரும் சபையோரும் கரையில் நின்று பார்க்க, வணிகனையும் சேர்த்து நால்வரும் ஓடத்தில் ஏறினார்கள். கூப்பிடு தூரம் போனதும் குழைக்காதன் மடியிலிருந்து தச்சனின் துரப்பணத்தை எடுத்தான். அடிப்பலகையில் ஊன்றித் திருகத் தொடங்கினான். மரத்தூள் பறந்தது.

"ஐயையோ! என்ன செய்கிறீர்?" என்று கையைப் பிடித்தான் வணிகன்.

"ஓட்டை போடுகிறேன். தண்ணீர்தான் அஞ்சுமே, நீர் ஏன் அஞ்சுகிறீர்?"

குழைக்காதனுக்கும் நீந்தத் தெரியாது. ஆனாலும் திருகினான்.

"மகாராஜா, காப்பாற்றுங்கள்! இது வெறும் இலுப்பை மரம்!" என்று அலறினான் பவளக்கூத்தன். "நல்ல மரம்தான். தண்ணீர் கசியாமலிருக்க வருஷம் தவறாமல் கீல் பூசினால் நெடுநாள் உழைக்கும். அவ்வளவுதான்!"

"நான் புயலையே கண்டதில்லை!" என்று கத்தினார் விழுப்பரையர். சேனாபதி ஓடத்தின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, "முதலை என்றாலே எனக்கு நடுக்கம்!" என்று அழுதார்.

குழைக்காதன் கையை நிறுத்தினான். "நல்ல மரம், கீல் பூச வேண்டும். நேற்றே இதைச் சொல்வதற்கென்ன?"

"உள்ளதை உள்ளபடி சொன்னால் அரண்மனையில் யார் ஐயா கேட்கிறார்கள்?" என்றான் வணிகன்.

ஓடம் கரை சேர்ந்தது. அரசர் மீசை துடிக்க நின்றார். "என்னை ஏமாற்ற இத்தனை பேரா?"

"விற்றவன் ஒருவன், அரசே. இவர்கள் கூட நின்று தாளம் போட்டவர்கள். வாங்க இருந்தவர்தான் யாரென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

அரசர் ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓடத்தை நியாயமான விலைக்கு வாங்கச் சொல்லிவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார்.

அரசர் சிரித்துவிட்டார் என்பதற்காக, எதற்கென்று தெரியாமலே சபையோர் அத்தனை பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் விழுப்பரையர்.