கூழைக்கடாக்கள் மறித்த ஏரி

மலையடிவாரத்து ஏரியில் இருபது கூழைக்கடாக்கள் பிறை வடிவில் வரிசை கட்டி நீந்தின. மீன்களை வளைத்துக் கரையோரம் தள்ளிக்கொண்டுபோய் மொத்தமாக அள்ளுவது அவற்றின் வழக்கம். அதற்கு வரிசை கலையக் கூடாது.

மலையில் காடு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் விமானம் ஒன்று ஏரிக்கு மேல் தாழ்ந்து வந்தது. பறவைகளைக் கண்டதும் மேலே ஏறிவிட்டது.

"பார்த்தீர்களா! நம்மைக் கண்டு பயந்துவிட்டது!" என்றது தலைவன் கூழைக்கடா.

கரையிலிருந்த மருதமரத்துக்கு ஒரு மலையணில் மூச்சிரைக்க ஓடிவந்தது. அதன் வால் நுனி கருகியிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்கள்! அந்த விமானம் தண்ணீரில் இறங்கி, ஓடுகிற ஓட்டத்திலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு பறக்கும். முந்தாநாள் பக்கத்து மலைத் தீயை அப்படித்தான் அணைத்தது. என் கூட்டில் மூன்று குட்டிகள் இருக்கின்றன!"

"தூக்கிக்கொண்டு வருவதுதானே?"

"ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் கவ்வ முடியும். திரும்பிப் போவதற்குள் தீ வந்துவிடும். எந்த இரண்டை விட்டுவர?"

தலைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "காலையிலிருந்து வளைத்த மீன், அணிலம்மா. விமானத்தை ஓரமாக இறங்கச் சொல்!"

"ஓரமெல்லாம் பட்டமரக் கட்டைகள்! அதற்கு நீண்ட நேர்வழி வேண்டும்."

"நிலத்தில் ஓடுமாம், நீரில் ஓடுமாம், வானத்திலும் பறக்குமாம். ஓரத்தில் இறங்க மட்டும் தெரியாதாம்!"

மற்றவை அலகு குலுங்கச் சிரித்தன. இரண்டாம் முறையும் விமானம் தாழ்ந்து வந்து, மேலே ஏறியது.

அணில் அதன் பிறகு கெஞ்சவில்லை. மீன்கள் குவிந்துவரும் பக்கமாக நீண்டிருந்த காய்ந்த கிளையின் அடியைக் கடித்தது. வாயில் ரத்தம் வந்தது. விடாமல் கடித்தது. கிளை முறிந்து தடாலென்று நீரில் விழுந்தது. மிரண்ட மீன்கள் திரும்பிப் பாய்ந்து, கூழைக்கடாக்களின் கால்களுக்கு அடியில் புகுந்து, ஆழத்துக்குப் போய்விட்டன.

"பாவி அணிலே! எங்கள் இரையைக் கெடுத்தாயே!"

மொத்தக் கூட்டமும் பறந்துவந்து மரத்தை மொய்த்தது.

"கொத்துங்கள், அண்ணே! எல்லோரும் வந்து கொத்துங்கள்!" என்று அணில் கொப்புக்குக் கொப்பு தாவியது.

ஏரி காலியாகிவிட்டது. விமானம் இறங்கியது. நீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது, நிரம்பியது, எழுந்தது. மலைமேல் போய் வயிற்றைத் திறந்தது. ஏழு தடவை அப்படி வந்து போனது. அதுவரை கூழைக்கடாக்கள் மரத்தைவிட்டு இறங்கவில்லை.

பாதி மலை கரியாகிவிட்டது. அணிலின் கூடு அந்தப் பாதியில் இல்லை. மூன்று குட்டிகளும் புகையில் இருமிக்கொண்டே பால் குடித்தன. கூழைக்கடாக்கள் அன்று பசியோடு உறங்கின.

உயிர் காக்க வருகிறவருக்கு வழிவிடாமல் தம் காரியமே பெரிதென்று நிற்பவர், அந்தக் காரியத்தையும் இழப்பார்.